தடுப்பூசிக்குக் கைபேசி வழி நினைவூட்டல்: பட்டியல் முதல் பதிவேடு வரை, படிப்படியாக

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே போஸ்டர் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அழகான படம், பெரிய எழுத்தில் ஒரு வாசகம், நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வு. ஒரு மாதம் கழித்துப் பதிவேட்டைப் புரட்டினால், வராதவர்கள் இன்னும் வரவில்லை. அப்போது எல்லோரும் சொல்வது, "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை."

நான் பார்த்தவரை கோளாறு வேலையைச் செய்யும் வரிசையில்தான் இருக்கிறது. செய்தி எழுதுவது இந்த வழிகாட்டியில் ஏழாவது படி. முந்தைய ஆறையும் முடிக்காமல் எழுதினால் யாரை, எந்தத் தேதிக்கு, எங்கே கூப்பிடுகிறோம் என்று நமக்கே தெரியாது.

நினைவூட்டலுக்குப் பலன் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 75 ஆய்வுகளை வைத்து 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வு, நினைவூட்டல் கிடைத்தவர்களிடையே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக 8 சதவீதப் புள்ளிகள் அதிகம் என்று கண்டது. நூறு குழந்தைகளில் எட்டு என்பது என் கணக்கில் பெரிய எண். அந்த எட்டுப் பேரை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இனி வருவது. எடுத்துக்காட்டுகள் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளை வைத்தே இருக்கும். பெரியவர்களுக்கான ஃப்ளூ, கோவிட் ஊசிகளுக்கும் வரிசை இதுவே.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தடுப்பூசிப் பதிவேடு அல்லது அதன் கணினிப் பிரதி. உங்கள் நாட்டின் நடப்புத் தடுப்பூசி அட்டவணை, பழையது கூடாது. இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு எண். அந்த எண்ணில் வரும் பதில்களைப் பார்க்கப் பெயர் சொல்லி நியமித்த ஒருவர். ஊசி போடும் செவிலியரோடு வாரம் ஒருமுறை அரை மணி நேரம்.

இவற்றில் கடைசி இரண்டும் இல்லையென்றால் தொடங்குவதைத் தள்ளிப்போடுங்கள். மென்பொருள் பிறகு வாங்கிக்கொள்ளலாம். 300 குழந்தைகள் வரை ஒரு எக்செல் தாளே போதும்.

1. வராதவர்களை மூன்றாகப் பிரியுங்கள்

வராதவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தால் வராமல் இருப்பதில்லை. மறந்துபோனவர்கள் உண்டு. வர மனமிருந்தும் வேலை, தூரம், நேரம் இடிக்கிறவர்கள் உண்டு. பயமோ சந்தேகமோ இருப்பவர்கள் உண்டு.

முதல் வகைக்கு ஒரு குறுஞ்செய்தி போதும். இரண்டாம் வகைக்கு மாற்றுத் தேதி வேண்டும். மூன்றாம் வகைக்கு ஒரு மனிதர் வேண்டும். மூவருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பினால் முதல் வகை மட்டும் அசையும். மற்ற இருவரையும் நாமே 'பிடிவாதக்காரர்கள்' கணக்கில் எழுதிவிடுவோம்.

எப்படிப் பிரிப்பது? தவணை தவறிய இருபது பேரைப் போனில் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "போன தடவை வர முடியாமல் போனது எதனால்?" 'ஏன் வரவில்லை' என்று கேட்காதீர்கள், அது விசாரணை மாதிரி ஒலிக்கும். சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இருபது அழைப்பு முடிவதற்குள் உங்கள் பகுதியில் எந்த வகை அதிகம் என்று தெரிந்துவிடும்.

2. பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

அதிக நேரம் பிடிப்பதும், எல்லோரும் தாண்டிப் போக நினைப்பதும் இந்தப் படிதான்.

ஒவ்வொரு பெயருக்கும் இவை வேண்டும்: பிறந்த தேதி, கடைசியாகப் போட்ட தவணை, அதைப் போட்ட தேதி, தொலைபேசி எண், அந்த எண் யாருடையது, எந்த மொழி, வாசிப்பாரா, கூப்பிட வசதியான நேரம். 'எண் யாருடையது' என்ற கட்டத்தைக் காலியாக விடவே கூடாது. அப்பாவின் எண்ணுக்குப் போகும் செய்தி அம்மாவை எட்டாமலே நின்றுவிடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் பாட்டியாக இருக்கலாம். யார் வருகிறாரோ அவருக்குப் போக வேண்டும்.

அடுத்து, எண்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். சிம் மாற்றுவது சாதாரணம். கைவிடப்பட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும், அதனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு குழந்தையின் மருத்துவ விவரம் போய்ச் சேரும். முதல் செய்தியாக, "இது இனியன் வீட்டு எண்தானா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2" என்று மட்டும் அனுப்புங்கள். மற்றது பிறகு.

இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். தொடக்க காலத்தில் நாங்கள் அனுப்பிய ஒரு நினைவூட்டல், பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையை இழந்த ஒரு தாய்க்குப் போனது. இறப்பு ஒரு பதிவேட்டில் இருந்தது. எங்கள் பட்டியல் வேறொரு பதிவேட்டிலிருந்து எடுத்தது. அவர் திரும்பக் கூப்பிட்டுத் திட்டவில்லை. "எம் பிள்ளை இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு, ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் செவிலியரிடம் பட்டியலை ஒருமுறை வாசித்துக் காட்டாமல் நான் பொத்தானை அழுத்தியதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். குழந்தை இறப்பு, கர்ப்பம் கலைந்தது, இடம்பெயர்ந்தது, மருத்துவரே ஊசியைத் தள்ளிவைத்தது ஆகிய நான்கையும் கேளுங்கள். இவை செவிலியருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

3. அடுத்த தேதியைக் கடைசி ஊசியிலிருந்து கணக்கிடுங்கள்

பல நாடுகளின் அட்டவணையில் முதல் மூன்று தவணைகள் 6, 10, 14 வாரங்களில் வரும். புதியவர்கள் எக்செலில் பிறந்த தேதியோடு வாரங்களைக் கூட்டிவிட்டுத் தேதி தயார் என்று நினைக்கிறார்கள். குழந்தை நேரத்துக்கு வந்திருந்தால் அது சரிதான்.

தாமதமாக வந்திருந்தால்? இரண்டாம் தவணையை 13வது வாரத்தில் போட்ட குழந்தைக்கு, பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்ட தாள் 14வது வாரத்தில் மூன்றாம் தவணை என்று சொல்லும். இந்தத் தவணைகளுக்கு இடையே குறைந்தது 4 வாரம் வேண்டும், ஆகவே உண்மையான தேதி 17வது வாரம். நம் செய்தியை நம்பி, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாயை, "இன்னும் நாளாகலையேம்மா" என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அடுத்த முறை அவர் நம் செய்தியைத் திறக்கமாட்டார்.

விதி எளிது: அட்டவணைப்படி வர வேண்டிய தேதி ஒன்று, கடைசித் தவணையோடு குறைந்தபட்ச இடைவெளியைக் கூட்டிய தேதி ஒன்று. இரண்டில் எது பிந்தையதோ அதுதான் நினைவூட்ட வேண்டிய தேதி. ஊசியாகப் போடும் இரண்டு உயிருள்ள தடுப்பூசிகளை (வலுவிழக்கச் செய்த உயிர்க்கிருமி கொண்டவை) ஒரே நாளில் போடலாம். தவறினால் 4 வாரம் காத்திருக்க வேண்டும். உங்கள் தாளில் இதுவும் இருக்கட்டும்.

தாமதமானவர்களிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. தவணை தவறினால் பொதுவாக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இது தெரியாததால், 'நாள் தப்பிப்போச்சு, இனி போட்டு என்ன' என்று நின்றுவிடுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். தவறியவர்களுக்கான செய்தியில் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்.

4. கூப்பிடும் முன், கூப்பிடும் இடத்தைப் பாருங்கள்

போன் வேலை செய்கிறவர்கள் தடுப்பூசி போடும் அறைக்குள் நுழைந்தே பார்த்திருக்கமாட்டார்கள். ஒரு காலை முழுக்க அங்கே போய் உட்காருங்கள். எத்தனை மணிக்கு உண்மையில் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், தடுப்பூசி அட்டை கொண்டுவராதவரை என்ன செய்கிறார்கள், இருப்பு தீர்ந்தால் யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது குப்பி விஷயம். தட்டம்மை ஊசி, காசநோய்க்கான பிசிஜி போன்றவை பல தவணைக் குப்பிகளில் பொடியாக வரும். கரைத்துத் திறந்த பிறகு 6 மணி நேரத்துக்குள், அல்லது அன்றைய அமர்வு முடிவதற்குள், எது முந்தியதோ அதற்குள் பயன்படுத்த வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறப்பதுதான் சரி. ஆனால் வீணாகுமே என்று தயங்கி, 'அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பிவிடுவது பல இடங்களில் நடக்கிறது.

இதை நீங்கள் பட்டியலிலேயே சரிசெய்யலாம். தட்டம்மைத் தவணை நெருங்கிய குழந்தைகளை ஒரே அமர்வுக்கு வரும்படி சேர்த்து நினைவூட்டுங்கள். எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள் என்பதை முன்னதாகவே செவிலியரிடம் கொடுங்கள். அந்த எண்ணை வைத்து அவர் இருப்பு கேட்பார். இருப்பு உறுதியாகும்வரை செய்தி போகக் கூடாது.

5. சம்மதமும் அந்தரங்கமும்

எண்ணை வாங்கும்போதே, எதற்காக, மாதம் எத்தனை முறை, யார் அனுப்புவார்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். நிறுத்தச் சொல்ல எளிய வழி ஒன்று இருக்க வேண்டும். பல நாடுகளில் மொத்தக் குறுஞ்செய்திக்கு அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்கான நாட்களையும் திட்டத்தில் சேருங்கள்.

ஒரு போனை முழுக் குடும்பமும் பார்க்கும். ஆகவே யார் கண்ணில் பட்டாலும் சங்கடம் தராததை மட்டும் எழுதுங்கள். பதின்வயதினருக்கான எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பு ஊசி), கர்ப்பிணிக்கான ஊசி, ஏதாவது நோய் இருப்பதால் பரிந்துரைத்த ஊசி ஆகியவற்றுக்குப் பெயரே வேண்டாம். 'உங்கள் சந்திப்பு' என்றால் போதும்.

வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி எல்லாப் பெற்றோரையும் அதில் சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சேர்ந்த நொடியில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தவணை தவறியவர் பெயரை அங்கே யாராவது கேட்டுவிட்டால் அவர் கூனிக்குறுகிப் போவார், பிறகு வரவே மாட்டார்.

6. எந்த வழியில் அனுப்புவது

குறுஞ்செய்தி எந்தப் போனுக்கும் போகும், இணையம் வேண்டாம். எழுத்து வாசிக்காதவருக்குப் பதிவுசெய்த குரல் அழைப்பு. அதிலும் அவர்களுக்குத் தெரிந்த செவிலியரின் குரலே இருந்தால் முழுதாகக் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் பதில் பேசுவது எளிது, அதனால் சந்தேகம் கேட்பவர்களுக்கு அது நல்லது.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். 200 பேருக்கு அனுப்பியதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள், போனது நாற்பது பேருக்கு. பதிவு செய்ய வரும்போதே அவர்கள் போனில் உங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்லி, கண்ணெதிரே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

சமூக ஊடகப் பதிவுகளை இந்த வரிசையில் கடைசியில் வைக்கிறேன். முகாம் தேதியை அறிவிக்க அவை உதவும். பெயர் சொல்லி ஒருவரைக் கூப்பிட அவற்றால் முடியாது.

7. செய்தியை எழுதுங்கள்

இப்படி எழுதுவதுதான் வழக்கம்: "அன்பார்ந்த பெற்றோர்களே! தடுப்பூசி குழந்தையின் உயிர்க்கவசம். தவறாமல் தடுப்பூசி போட்டு ஆரோக்கியமான சமுதாயம் உருவாக்குவோம்!" இதில் குற்றம் எதுவுமில்லை, பயனும் இல்லை. வாசிக்கும் தாய்க்கு நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை.

மாற்றி எழுதியது இது:

"இனியனுக்கு 3ஆம் தவணை ஊசி புதன் 12ஆம் தேதி காலை 9-12. எடுத்து வைத்துள்ளோம். அட்டையுடன் வரவும். முடியாவிட்டால் 1 அனுப்பவும். நர்ஸ் மலர்"

ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் இருக்கிறது. குழந்தையின் பெயர் இருப்பதால் இது விளம்பரமில்லை என்று தெரிகிறது. கிழமையும் தேதியும் சேர்ந்தே இருக்கின்றன. சிலருக்குக் கிழமைதான் நினைவில் நிற்கும். அட்டையை மறந்து வந்து திரும்பிப் போகிறவர்கள் இருப்பதால் அட்டை. கையெழுத்து, அவர்கள் முகம் பார்த்த ஒருவருடையது.

'எடுத்து வைத்துள்ளோம்' என்பது அலங்காரச் சொல் இல்லை. அமெரிக்காவில் 47,306 பேரிடம் 19 வகைக் குறுஞ்செய்திகளை ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வில், மருத்துவரைப் பார்க்க வருவதற்கு 72 மணி நேரம் முன்பும் 24 மணி நேரம் முன்பும், ஃப்ளூ ஊசி உங்களுக்காக எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று சொன்ன செய்திதான் முதலிடம் பிடித்தது. பிறகு ஏறத்தாழ 6.9 லட்சம் மருந்தக வாடிக்கையாளர்களிடம் 22 வகைகளைப் பார்த்தபோதும், ஊசி உங்களுக்காகக் காத்திருக்கிறது என்ற வாசகமே முன்னே நின்றது. நம் பங்கு தயாராக இருக்கிறது என்ற எண்ணம் ஆளைக் கிளப்புகிறது. ஆனால் நான்காம் படியைச் செய்து, உண்மையிலேயே எடுத்து வைத்திருந்தால் மட்டும் இதை எழுதுங்கள்.

கலிபோர்னியாவில் கோவிட் ஊசிக்கு நடந்த ஆய்வு ஒன்றில், நினைவூட்டல் போனவர்களிடையே ஊசி போட்டவர்கள் 3.57 சதவீதப் புள்ளிகள் கூடினர். கூடவே விளக்க வீடியோ சேர்த்து அனுப்பியதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. வர நினைப்பவருக்குப் பாடம் வேண்டாம், தேதி போதும்.

இனி எழுத்துக் கணக்கு. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து வரை. தமிழில் எழுதினால் 70தான். அதைத் தாண்டினால் துண்டு துண்டாக உடையும், ஒவ்வொரு துண்டும் 67. கட்டணம் துண்டுக்குத்தான். அதோடு, போன் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. கொம்பு, கால், புள்ளி, சுழி எல்லாம் தனித்தனி. 'தடுப்பூசி' நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஒன்பது. 'ஊசி' மூன்று.

மேலே உள்ள செய்தி இடைவெளிகளோடு சரியாக 133 வருகிறது. இரண்டு துண்டின் எல்லை 134. இனியனுக்குப் பதில் அன்புச்செல்வன் என்றால் மூன்றாவது துண்டு வந்துவிடும், ஒரு மாதத்துக்கான செலவுக் கணக்கு பாதியளவு ஏறும். பட்டியலில் உள்ள மிக நீளமான பெயரை வைத்துச் செய்தியை எழுதிப் பாருங்கள்.

எழுதியதை அனுப்பும் முன் நான்கு பெற்றோரிடம் காட்டி, "இதைப் பார்த்தால் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். 'புரிகிறதா' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

8. எப்போது அனுப்புவது

மூன்று நாள் முன்பு ஒன்று: விடுப்பு சொல்ல, கூட வர ஆள் பார்க்க. முந்தைய நாள் மாலை ஒன்று: அட்டையை எடுத்து வைக்க. அமர்வு முடிந்த மறுநாள், வராதவர்களுக்கு மட்டும் ஒன்று, அடுத்த தேதியோடு.

மூன்றாவது செய்திக்கு முன் அன்றைய பதிவேட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அழுகிற குழந்தையைச் சமாளித்து ஊசி போட்டுவிட்டுப் போன தாய்க்கு, 'நீங்கள் வரவில்லை' என்று செய்தி போனால் அதைவிட அவமதிப்பு இல்லை.

மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் நான்காவது செய்தி எழுதாதீர்கள். அந்தப் பெயர் போன் பட்டியலிலிருந்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பட்டியலுக்கு மாறட்டும்.

9. பதில் சொல்ல ஆள் இருக்கட்டும்

'1 அனுப்பவும்' என்று எழுதிவிட்டு அந்த எண்ணைப் பார்க்க ஆள் இல்லாத நிலை மிகச் சாதாரணம். பதில் அனுப்பியும் கவனிக்கப்படாதவர், செய்தியே வராதவரைவிட எட்டப் போய்விடுகிறார்.

1 வந்த அன்றே கூப்பிட்டு இரண்டு தேதிகளைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 'எப்போது வர்றீங்க?' என்று விட்டால் 'பார்க்கிறேன்' என்பார்கள். போனில் காசு இல்லாதவர்கள் மிஸ்டு கால் கொடுப்பார்கள். அதையும் பதிலாகவே எடுத்துக்கொண்டு திரும்பக் கூப்பிடுங்கள்.

அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதிலை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்து ஒரு தாளில் வையுங்கள். குழந்தைக்கு லேசான சளி, இருமல் இருந்தால் போடலாமா? போடலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி போடலாமா? அட்டவணையில் அப்படி இருந்தால் போடலாம். அட்டை தொலைந்துவிட்டதே? பதிவேட்டில் இருக்கும், அப்படியே வாருங்கள். முந்தைய ஊசிக்குப் பிறகு மூச்சுத் திணறலோ முக வீக்கமோ வலிப்போ வந்ததாகச் சொன்னால் மட்டும், பதில் பேசுகிறவர் எதுவும் சொல்லக் கூடாது. நேராக மருத்துவரிடம் இணைத்துவிட வேண்டும்.

10. பயத்துக்கும் வதந்திக்கும் பதில்

இங்கே அவசரம் ஆகாது. வதந்தி வந்த குழுவிலேயே நாலு பக்கத்துக்கு மறுப்பு எழுதிப் போடத்தான் கை துடிக்கும். அப்படிச் செய்தால், அதுவரை அந்த வதந்தியைப் பார்க்காதவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

தகவலைக் கொட்டினால் மனம் மாறிவிடும் என்பதும் உறுதியில்லை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசியால் ஆட்டிசம் வரும் என்று கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியான ஆய்வு அப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்று காட்டியது. கேட்பவருக்குச் சொல்ல வேண்டிய உண்மைகள்தான் இவை. ஆனால் 2014இல் அமெரிக்கப் பெற்றோரிடம் நடந்த ஆய்வில், இப்படியான விளக்கம் தவறான நம்பிக்கையைக் குறைத்தபோதிலும், ஏற்கெனவே தடுப்பூசி மேல் மனக்கசப்பு இருந்தவர்களிடம் ஊசி போடும் எண்ணத்தையும் சேர்த்தே குறைத்துவிட்டது.

ஆகவே தனியாகப் பேசுங்கள், முதலில் கேளுங்கள். எங்கள் செவிலியர் ஒரு தாயோடு பேசியதை அருகில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

"ஊசி போட்டா ஜுரம் வருதாமே சிஸ்டர், எங்க அத்தை வேண்டாங்கறாங்க."

"வரும்மா, சில பிள்ளைங்களுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் சூடு இருக்கும். போன தடவை பாப்பாவுக்கு எப்படி இருந்துச்சு?"

"ராத்திரி பூரா அழுதா. நான் தூங்கவே இல்ல."

"தனியாவா பாத்துக்கிட்டீங்க? கஷ்டம்தான். இந்தத் தடவை அத்தையையும் கூட்டிட்டு வாங்க. சூடு வந்தா என்ன செய்யணும்னு ரெண்டு பேருக்கும் சொல்றேன். ராத்திரி பயமா இருந்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க."

ஜுரம் வராது என்று அவர் சொல்லவில்லை. அத்தையைக் குறை சொல்லவில்லை, வரச் சொன்னார். அந்தத் தாய்க்கு ஊசி மேல் பயமில்லை, தனியாகக் கழித்த அந்த இரவின் மேல்தான் பயம். 'தடுப்பூசி பாதுகாப்பானது' என்று எத்தனை முறை ஃபார்வர்ட் செய்திருந்தாலும் இது வெளியே வந்திருக்காது.

பொதுவாக ஒரு மறுப்பு வெளியிட்டே ஆக வேண்டும் என்ற அளவுக்கு வதந்தி பரவிவிட்டால், உண்மையில் தொடங்குங்கள். வதந்தியை ஒரே வரியில் சொல்லி, அதில் எங்கே தவறு என்று காட்டி, மீண்டும் உண்மையில் முடியுங்கள். வதந்திப் படத்தை மேலே சிவப்புக் கோடு போட்டுப் பகிர வேண்டாம். அது கைமாறும்போது கோடு மறந்துபோய்ப் படம்தான் நிற்கும்.

11. ஊசி போட்ட அன்று மாலை

புதியவர்கள் விட்டுவிடும் படி இது. அன்று மாலை ஒரு செய்தி: "பாப்பா எப்படி இருக்கிறாள்? லேசான சூடும், ஊசி போட்ட இடத்தில் வலியும் வரலாம். நிற்காத அழுகை, வலிப்பு, மூச்சுத் திணறல் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கேட்க வேண்டியது இருந்தால் இந்த எண்." இதை வாட்ஸ்அப்பிலோ குரல் செய்தியாகவோ அனுப்பலாம், நீளத்தைப் பற்றிய கவலை இருக்காது.

முதல் தவணைக்குப் பிறகு பயந்தவர்தான் இரண்டாம் தவணைக்கு வராமல் போகிறார். பயம் வரும் அந்த இரவிலேயே நாம் அவரோடு இருந்தால், அடுத்த நினைவூட்டலைத் தெரிந்தவர் அனுப்பியதாகத் திறப்பார். என் அனுபவத்தில் இந்த ஒரு செய்திக்குத்தான் அதிகமான பதில்கள் வருகின்றன. பெரும்பாலும், "நல்லா இருக்கா சிஸ்டர்" என்ற மூன்று சொற்கள்.

12. பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்

எத்தனை செய்தி போனது, எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை லைக் என்பதெல்லாம் அறிக்கைக்கு அழகாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பதிவேட்டில் உள்ள ஊசிக் கணக்கு.

மிக எளிய அளவு, இடைநிற்றல் விகிதம். முதல் தவணை போட்டவர்களிலிருந்து மூன்றாம் தவணை போட்டவர்களைக் கழித்து, முதல் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். முதல் தவணைக்கு 120 பேர், மூன்றுக்கு 102 பேர் என்றால் 15 சதவீதம். 10 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய நிலை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடுங்கள். தொடக்க எண்ணை எழுதி வைக்காமல் ஆரம்பித்துவிட்டு, பிறகு என்ன மாறியது என்று சொல்ல முடியாமல் நிற்பவர்கள் பலர்.

இரண்டு வாசகங்களில் எது நல்லது என்று தெரிய வேண்டுமா? பதிவு எண் ஒற்றைப்படை என்றால் ஒரு வாசகம், இரட்டைப்படை என்றால் மற்றது. ஊர்ப்பக்கம் வைத்துப் பிரித்தால் தூரத்தின் பலனை வாசகத்தின் பலனாக நினைத்துவிடுவீர்கள். ஒரு வாசகத்துக்கு நாற்பது பேர்தான் என்றால் மூன்று குழந்தைகள் வித்தியாசத்தை நம்பி எதையும் மாற்றாதீர்கள்; அது தற்செயலாகவும் வரும்.

எண் ஏறவில்லை என்றால் வாசகத்தில் கை வைக்காமல் நேராக முதல் படிக்குப் போய் மீண்டும் இருபது பேரைக் கூப்பிடுங்கள். கென்யாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் குறுஞ்செய்தி மட்டும் கிடைத்த குழந்தைகளில் 86 சதவீதம் முழுத் தடுப்பூசி பெற்றார்கள், எதுவும் கிடைக்காதவர்களில் 82. அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. குறுஞ்செய்தியோடு, நேரத்துக்கு வந்த ஒவ்வொரு முறையும் 200 ஷில்லிங் கொடுத்த குழுவில் அது 90 ஆனது. அங்கே மறதியோடு வேறு ஏதோ ஒன்றும் வழியை மறித்திருக்கிறது. உங்கள் இடத்தில் அது பேருந்துக் காசாக இருக்கலாம், காலை அமர்வாக இருக்கலாம், வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்பதாக இருக்கலாம்.

அதைக் கண்டுபிடித்தால் நிலையப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள்: எத்தனை பேரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை பேர் அதையே சொன்னார்கள், அவர்கள் வார்த்தையில். நாங்கள் கொடுத்த ஒரு தாளில், "சனிக்கிழமை சாயங்காலம் இருந்தா வந்துருவேன்" என்ற வரி, இருபது பேரில் ஏழு பேரின் பெயருக்கு எதிரே இருந்தது. அதற்கு அடுத்த மாதம் சனிக்கிழமை மாலை அமர்வு ஒன்று தொடங்கியது. அந்த ஏழு பேருக்கு முதல் செய்தியை அன்றே அனுப்பினோம்.